முடிவுக்குப் பெறுமதியற்ற போட்டியும் அங்கு வென்றெடுக்கப்பட்ட உரிமையும்

விளையாட்டுப் போட்டியொன்றின் பெறுமதி அதன் முடிவிலேயே தங்கியிருக்கின்றது என்பது பொதுவான எண்ணமாகும். வெற்றிபெற்ற அணி தரவரிசையில் முன்னேறுகின்றது. தோல்வியுற்ற அணி பின்தள்ளப்படுகின்றது. இறுதியில் ஓர் அணி கிண்ணத்தைச் சுவீகரிக்கின்றது. ஆனால் முடிவு எதுவாக அமைந்தாலும் எந்த அணியின் நிலையும் மாறாத போட்டிகளும் உண்டு. அவற்றையே நாம் கண்காட்சிப் போட்டிகள் என்கின்றோம். அவற்றுள் உலகில் மிகவும் பிரசித்திபெற்ற ஒன்று, என்.பி.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கத் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கம் நடத்திவரும் நட்சத்திர வீரர்களின் போட்டியாகும். பருவகாலத்தின் நடுப்பகுதியில், பெரும்பாலும் பெப்ரவரி மாதத்தில், வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த தலைசிறந்த வீரர்கள் ஒரு நாளைக்கு மாத்திரம் ஒன்றுசேர்ந்து ஆடுகின்றனர்.

இப்போட்டி இன்று பெரும் விமர்சனத்துக்கு உள்ளாகியிருக்கின்றது. 2024 ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற போட்டியில் கிழக்குப் பிராந்திய அணி 211 புள்ளிகளையும் மேற்குப் பிராந்திய அணி 186 புள்ளிகளையும் பெற்றன. ஓர் அணி இருநூறு புள்ளிகளைத் தாண்டியமை இப்போட்டியின் வரலாற்றில் அதுவே முதற்தடவையாகும். அதனை எவரும் சாதனையாகக் கொண்டாடவில்லை. எதிரணியினர் கூடையை நோக்கி வரும்போது மறிப்பதற்கு எவரும் முன்வராத ஆட்டத்தில் புள்ளிகள் குவிவது வியப்புக்குரியதல்ல. போட்டியின் இறுதியில் கிண்ணத்தைக் கையளித்த ஆணையாளர் அடம் சில்வரின் வார்த்தைகளில்கூட உற்சாகம் காணப்படவில்லை.

வீரர்கள் மனம்வைத்து ஆடுவதில்லை என்பதே குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கின்றது. ஆயினும் முடிவுக்குப் பெறுமதியில்லாத இப்போட்டி எதற்காகத் தோற்றுவிக்கப்பட்டது, அதன் பெறுமதி உண்மையில் யாரிடமிருந்து வந்தது என்பவற்றை ஆராயாமல் இக்குற்றச்சாட்டை எடைபோட முடியாது. அதற்கு நாம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டியிருக்கின்றது.

1951 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் பெரும் அவமானத்தைச் சந்தித்திருந்தது. சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு, தமது அணி பெறும் புள்ளி வித்தியாசத்தைத் திட்டமிட்டுக் குறைத்து ஆடினர் என்ற குற்றச்சாட்டில் பல்கலைக்கழக அணிகளைச் சேர்ந்த வீரர்கள் கைதுசெய்யப்பட்டனர். அப்போது என்.பி.ஏ. வளர்ச்சியடையாத, பணவசதி குறைந்த அமைப்பாகவே இருந்தது. விளையாட்டின் மீதான மக்களின் நம்பிக்கையை மீளக்கட்டியெழுப்புவதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற நிலையில், பேஸ்போல் விளையாட்டில் 1933 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவந்த நட்சத்திரப் போட்டியைப் போன்ற ஒன்றை நடத்தலாம் என்ற யோசனையை அதன் விளம்பரப் பணிப்பாளரான ஹஸ்கெல் கோஹன் முன்வைத்தார். பொஸ்டன் செல்டிக்ஸ் அணியின் உரிமையாளரான வோல்டர் பிரவுண், நட்டம் ஏற்பட்டால் அதனைத் தாமே பொறுப்பேற்பதாகக் கூறித் தமது பொஸ்டன் கார்டன் அரங்கை வழங்கினார். 1951 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி நடைபெற்ற அந்த முதலாவது போட்டியைக் காண்பதற்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் திரண்டனர். கிழக்கு அணி 111 க்கு 94 என்ற புள்ளிகள் அடிப்படையில் வெற்றியீட்டியது.

ஆகவே ஆரம்பத்திலேயே இது வீரர்களின் நலனுக்காக அல்லாமல், விளையாட்டை மக்களிடம் விற்பனை செய்வதற்காக உருவாக்கப்பட்ட காட்சியாகும். அதில் தவறேதுமில்லை. ஆனால் காட்சிப்படுத்தப்படும் பொருள் வீரர்களின் உழைப்பே என்பதை உரிமையாளர்கள் அக்காலத்தில் அதிகம் எண்ணிப்பார்க்கவில்லை. அந்த முதற்போட்டியில் கறுப்பின வீரர் ஒருவரேனும் இடம்பெறவில்லை என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. 1953 ஆம் ஆண்டில் டொன் பார்க்ஸ்டேல் தெரிவுசெய்யப்பட்ட பின்னரே அக்கதவு திறந்தது.

அக்காலத்து வீரர்களின் வாழ்க்கையை இன்றைய கோடிக்கணக்கான டொலர் ஒப்பந்தங்களைக் கொண்டு அளவிட முடியாது. பருவகாலம் முடிவடைந்ததும் பலர் வேறு தொழில் தேடிச்செல்ல வேண்டியிருந்தது. செல்டிக்ஸ் அணியின் முன்னணி வீரரான டொம் ஹைன்சோன் காப்புறுதி விற்பனையில் ஈடுபட்டார். ஓர் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வீரர், அந்த அணி விடுவிக்கும்வரை வேறோர் அணிக்குச் செல்லமுடியாது. முழங்கால் பழுதடைந்து ஆட்டத்திலிருந்து விலகுபவருக்கு ஓய்வூதியம் என எதுவும் இருக்கவில்லை. செல்டிக்ஸ் வீரரான பொப் கூசியின் முயற்சியால் 1954 ஆம் ஆண்டில் வீரர்களின் தொழிற்சங்கம் உருவாக்கப்பட்ட போதிலும், ஓய்வூதியக் கோரிக்கையை உரிமையாளர்கள் ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு வந்தனர். பேச்சுவார்த்தைக்கு வருவதாகக் கூறுவதும் பின்னர் மறந்துவிடுவதும் வழக்கமாகியிருந்தன.

இந்தப் பின்னணியிலேயே 1964 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி பிறந்தது. அன்றைய நட்சத்திரப் போட்டியும் அதே பொஸ்டன் கார்டன் அரங்கிலேயே ஏற்பாடாகியிருந்தது. ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் அதனை இரவு நேரத்தில் நாடு முழுவதற்கும் நேரடியாக ஒளிபரப்பவிருந்தது. அதுவரை கிடைத்திராத அவ்வாய்ப்பை என்.பி.ஏ. நிர்வாகம் பெரிதும் எதிர்பார்த்திருந்தது. கடும் பனிப்புயலைக் கடந்து பொஸ்டன் வந்துசேர்ந்த வீரர்கள், தொழிற்சங்கத் தலைவரான ஹைன்சோன், சட்டத்தரணி லரி பிளெய்ஷர் ஆகியோரின் வழிகாட்டலில் ஒரு முடிவுக்கு வந்தனர். ஓய்வூதியத் திட்டம் பற்றிய உறுதிமொழி கிடைக்காவிடில் ஆடுகளத்தினுள் இறங்குவதில்லை என்பதே அம்முடிவாகும்.

உடைமாற்றும் அறையினுள் இருபது வீரர்கள் இருந்தனர். பில் ரஸல், வில்ட் சேம்பர்லைன், ஒஸ்கார் ரொபர்ட்சன், எல்ஜின் பெய்லர், ஜெரி வெஸ்ட், பொப் பெட்டிட் எனக் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர்கள் அவை. அனைவரும் தொடக்கத்திலிருந்தே ஒரே கருத்தில் இருந்தனர் என்று கூறமுடியாது. முதலில் ஆடுவோம், பின்னர் பேசுவோம் என்று வாதிட்டவர்களும் இருந்தனர். வெளியிலிருந்து அழுத்தங்கள் வந்தவண்ணமிருந்தன. லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியின் உரிமையாளர் பொப் ஷோர்ட், தமது வீரர்களான பெய்லரும் வெஸ்டும் உடனடியாகக் களமிறங்க வேண்டுமென எச்சரிக்கைச் செய்தி அனுப்பினார். உரிமையாளரின் அந்த அதிகாரத் தொனி, தயங்கிநின்றவர்களையும் பகிஷ்கரிப்பின் பக்கம் தள்ளியது எனப் பின்னாளில் வீரர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

அரங்கில் ரசிகர்கள் காத்திருந்தனர். ஒளிபரப்புக்கான நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போட்டி நடைபெறாவிடில் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் எதிர்காலமே கேள்விக்குறியாகிவிடும் என்ற நிலையில், அதற்கு முந்திய ஆண்டிலேயே பதவியேற்றிருந்த என்.பி.ஏ. தலைவர் வோல்டர் கென்னடி, ஓய்வூதியத் திட்டத்தை நிறைவேற்றுவதற்குத் தம்மாலான அனைத்தையும் செய்வதாக உறுதியளித்தார். அதன் பின்னரே வீரர்கள் களமிறங்கினர். சற்றுத் தாமதமாக ஆரம்பித்த அப்போட்டியில் கிழக்கு அணி 111 க்கு 107 என்ற புள்ளிகளால் வென்றது. 26 புள்ளிகளைப் பெற்ற ரொபர்ட்சன் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். பகிஷ்கரிப்பில் நின்றவர்கள் அடுத்த கணமே முழுமனதுடன் ஆடினர் என்பதற்கு நான்கு புள்ளிகளே வித்தியாசமாயிருந்த அம்முடிவு சான்றாகும்.

இங்கு சிந்திக்கவேண்டிய விடயம் ஒன்றிருக்கின்றது. அமெரிக்காவில் இனப்பாகுபாட்டைச் சட்டவிரோதமாக்கிய குடியியல் உரிமைகள் சட்டம் 1964 ஜூலை மாதத்திலேயே கைச்சாத்திடப்பட்டது. அதாவது அந்தப் பனிக்கால இரவில் அச்சட்டம் நடைமுறையில் இருக்கவில்லை. அதற்குச் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1961 ஒக்டோபரில், கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் செல்டிக்ஸ் அணி ஒரு கண்காட்சிப் போட்டியில் ஆடவிருந்தது. அங்கு கறுப்பின வீரர்களுக்கு உணவு பரிமாற மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து ரஸலும் ஏனைய கறுப்பின வீரர்களும் போட்டியைப் பகிஷ்கரித்து ஊர் திரும்பினர். எதிரணியான சென் லூயிஸ் ஹோக்ஸின் கறுப்பின வீரர்களும் ஆடவில்லை. ஆயினும் போட்டி நிறுத்தப்படவில்லை. எஞ்சியிருந்த வெள்ளையின வீரர்களைக் கொண்டு அது நடத்தி முடிக்கப்பட்டது.

1961 இல் போட்டி நடைபெற்றதற்கும் 1964 இல் நிர்வாகம் பணிந்ததற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். முதலாவது சந்தர்ப்பத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தனித்து விடப்பட்டனர். இரண்டாவது சந்தர்ப்பத்தில் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவரான சாம் ஜோன்ஸும் லூசியானாவில் பிறந்த வெள்ளையரான பெட்டிட்டும் ஒரே அறையினுள் ஒரே கோரிக்கையுடன் நின்றனர். ஒருவர் நீங்கினால் மற்றவரைக் கொண்டு ஆட்டத்தை நடத்திவிடலாம் என்ற வழி உரிமையாளர்களுக்கு அன்று அடைபட்டிருந்தது. ஒற்றுமை என்ற சொல்லை மேடைகளில் அடிக்கடி கேட்கின்றோம். அதன் நடைமுறைப் பொருள் என்னவென்பதை அறிந்துகொள்ள இவ்விரு சம்பவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதுமானது.

விளைவுகள் உடனடியாகவும் காலந்தாழ்த்தியும் கிட்டின. பொஸ்டனில் 1951 இல் இப்போட்டியைத் தொடக்கிவைத்த அதே வோல்டர் பிரவுண், தமது அணியின் வீரரான ஹைன்சோனைப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். எனினும் ஓய்வூதியத் திட்டம் 1965 இல் நடைமுறைக்கு வந்தது. ஹைன்சோனுக்குப் பின்னர் தொழிற்சங்கத் தலைமையை ஏற்ற ரொபர்ட்சன், வீரர்களை ஒரே அணியுடன் பிணைத்துவைக்கும் முறைக்கு எதிராக 1970 இல் தொடுத்த வழக்கு 1976 இல் இணக்கத்துடன் முடிவுக்கு வந்தபோது, அணி மாறும் சுதந்திரத்துக்கான பாதை திறந்தது. ஸ்டீபன் கரி போன்ற ஒரு வீரர் 2024 - 2025 பருவகாலத்தில் ஐந்தரைக் கோடி டொலருக்கும் அதிகமான ஊதியத்தைப் பெறமுடிந்ததற்கு அந்த இரவில் இடப்பட்ட அத்திவாரமும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

இவ்வெற்றியில் ஒரு குறையும் இருந்தது. 1965 க்கு முன்னர் ஆட்டத்திலிருந்து விலகிய வீரர்கள் அத்திட்டத்தில் உள்ளடக்கப்படவில்லை. லீக்கின் வறுமைக் காலத்தில் அதனைத் தாங்கிநின்ற அவர்கள் பல ஆண்டுகள் குரலெழுப்பிய பின்னரே, அவர்களுள் ஒரு பகுதியினருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. உரிமையைப் பெற்றுக்கொண்டவர்கள் தமக்கு முன்னே நடந்தவர்களை மறந்துவிடக்கூடிய ஆபத்து எல்லாப் போராட்டங்களிலும் உண்டு. 2016 ஆம் ஆண்டில், ஓய்வுபெற்ற வீரர்களுக்கான மருத்துவக் காப்புறுதிக்கு நிதி வழங்குவதெனத் தொழிற்சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தமை காலந்தாழ்த்திச் செய்யப்பட்ட ஒரு பரிகாரம் எனலாம்.

வீரர்கள் தமது குரலைப் பெற்ற பின்னர் ரசிகர்களும் இப்போட்டியில் குரல் பெற்றனர். ஆரம்பத்தில் விளையாட்டுச் செய்தியாளர்களே ஆரம்ப வரிசை வீரர்களைத் தெரிவுசெய்தனர். 1975 ஆம் ஆண்டுப் போட்டியிலிருந்து அந்த உரிமை ரசிகர்களின் வாக்குகளுக்கு வழங்கப்பட்டது. எஞ்சிய வீரர்களைப் பயிற்றுவிப்பாளர்கள் தெரிவுசெய்தனர். பொதுமக்களின் வாக்கு எப்போதும் திறமையை மாத்திரம் அளவிடுவதில்லை என்பதால், 2017 முதல் ரசிகர்களின் வாக்கு அரைப்பங்காகவும் வீரர்களினதும் ஊடகவியலாளர்களினதும் வாக்குகள் தலா காற்பங்காகவும் கணக்கிடப்பட்டன.

எவ்வாறாயினும் அமெரிக்கப் பெரும்பான்மையினரின் பழக்கத்துக்குப் புறம்பான பெயர்களும் நம்பிக்கைகளும் இப்போட்டியினூடாக ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பதை மறுக்கமுடியாது. இஸ்லாத்தைத் தழுவித் தமது பெயரை மாற்றிக்கொண்ட கரீம் அப்துல் ஜப்பார் 19 தடவைகள் தெரிவானார். நைஜீரியாவில் பிறந்த ஹகீம் ஒலாஜுவொன் 12 தடவைகள் தெரிவானார். 1995 பெப்ரவரியில் ரமழான் நோன்பை நோற்றவாறே ஆடிய அவர் அம்மாதத்தின் சிறந்த வீரராகவும் அறிவிக்கப்பட்டார். 2003 இல் சீனாவின் யாவோ மிங், ஷகீல் ஓ நீலைவிட அதிக வாக்குகளைப் பெற்றார்.

ரசிகர்களின் வாக்கு ஆற்றிய மிகப் பெரிய பணி 1992 இல் நிகழ்ந்தது. லேக்கர்ஸ் அணியின் மெஜிக் ஜோன்சன், தமக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருப்பதாக 1991 நவம்பர் 7 ஆம் திகதி அறிவித்து ஓய்வுபெற்றார். எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே கைகுலுக்கவும் அஞ்சிய காலம் அது. ஆயினும் வாக்குச்சீட்டில் இடம்பெற்றிருந்த அவரது பெயருக்கு ரசிகர்கள் வாக்களித்தனர். அவருடன் ஆடுவது ஆபத்தானதென வீரர்கள் சிலரே ஆட்சேபித்தனர். டிம் ஹார்டவே ஆரம்ப வரிசையில் தமக்கிருந்த இடத்தை ஜோன்சனுக்கு விட்டுக்கொடுத்தார். பெப்ரவரி 9 ஆம் திகதி ஓர்லாண்டோ நகரில் ஜோன்சன் 25 புள்ளிகளைப் பெற்று மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார். இறுதிக் கணங்களில் அவர் எறிந்த மூன்று புள்ளிப் பந்து கூடைக்குள் வீழ்ந்தபோது, நேரம் எஞ்சியிருந்தும் ஆட்டம் அத்துடன் முடிந்தது. இரு அணியினரும் ஓடிவந்து அவரைத் தழுவிக்கொண்டனர்.

எத்தனையோ சுகாதாரப் பிரசுரங்களால் விளக்கமுடியாத ஓர் உண்மையை, அதாவது தொடுவதாலும் தழுவுவதாலும் அந்நோய் தொற்றுவதில்லை என்பதை, அந்தத் தழுவல்கள் கோடிக்கணக்கானோருக்கு எடுத்துக்காட்டின. அச்சம் ஒரே நாளில் அகன்றுவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் முழுநேரமாக ஆட முயன்ற அவர், சக வீரர்களின் அச்சம் காரணமாகப் பின்வாங்கவேண்டி நேர்ந்தது. எனினும் தரவரிசைக்கான ஒரு போட்டியில் ஓய்வுபெற்ற ஒருவருக்கு அவ்வாறு இடமளித்திருக்க முடியாது. முடிவுக்குப் பெறுமதியில்லை என்பதே அங்கு மனிதத்துவத்துக்கு இடமளித்தது.

இவற்றை எல்லாம் நோக்கும்போது, இப்போட்டியின் பெறுமதி முடிவிலிருந்து ஒருபோதும் வந்ததில்லை, அதில் ஈடுபடுவோர் மனமுவந்து கொடுப்பதிலிருந்தே வந்தது என்பது புலனாகின்றது. நிர்வாகம் இதனை உணர்ந்துகொண்டதாகத் தெரியவில்லை. ஆட்டத்தின் வேகம் குறைந்தபோதெல்லாம் அது விதிகளையே மாற்றியது. 2018 இல் கிழக்கு, மேற்கு என்ற பிரிவு கைவிடப்பட்டு இரு தலைவர்கள் வீரர்களைத் தெரிவுசெய்யும் முறை வந்தது. வென்ற அணியினருக்குத் தலா ஒரு இலட்சம் டொலர் வழங்கப்பட்டது. 2024 இல் பழைய முறைக்குத் திரும்பினர். 2025 இல் நான்கு அணிகளின் சிறு சுற்றுப்போட்டியாகவும், 2026 இல் இரு அமெரிக்க அணிகளும் ஓர் உலக அணியும் மோதும் போட்டியாகவும் அது மாற்றப்பட்டது.

இம்மாற்றங்களுள் மெய்யாகவே பலனளித்தது 2020 இல் சிகாகோவில் நிகழ்ந்ததாகும். இறுதிப் பகுதியில் கடிகாரத்தை நீக்கிவிட்டு, முன்னணியில் இருந்த அணியின் எண்ணிக்கையுடன் 24 புள்ளிகளைக் கூட்டி அவ்விலக்கை முதலில் எட்டும் அணி வெல்லும் என விதிக்கப்பட்டது. 157 க்கு 155 என முடிவடைந்த அப்போட்டியில் வீரர்கள் உக்கிரமாக மோதினர். ஆனால் விதி மாத்திரம் அதற்குக் காரணமல்ல. அந்த 24 என்ற எண், அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் ஹெலிகொப்டர் விபத்தில் மரணமான கோபி பிரயன்டின் சீருடை இலக்கமாகும். மறைந்த நண்பனுக்குச் செலுத்தும் மரியாதையாக வீரர்கள் அன்று ஆடினர். அதே விதி அடுத்துவந்த ஆண்டுகளிலும் இருந்தது. அந்த உணர்வு இருக்கவில்லை.

வீரர்களின் பக்கத்திலும் நியாயமிருக்கின்றது. 82 போட்டிகளைக் கொண்ட பருவகாலத்தின் நடுவே கிடைக்கும் சில ஓய்வு நாட்களை அவர்கள் இழக்கின்றனர். ஒரு காயம் பல கோடி டொலர் ஒப்பந்தத்தையும் அணியின் கனவையும் பாழாக்கிவிடலாம். கொவிட் தொற்றுக்காலமான 2021 இல் லெப்ரோன் ஜேம்ஸ் உட்படப் பலர் போட்டியை நடத்துவதற்கே வெளிப்படையாக அதிருப்தி தெரிவித்திருந்தனர்.

ஆனால் ஆட மறுப்பதற்கும் அரைமனதுடன் ஆடுவதற்கும் பாரிய வேறுபாடு உண்டு என்பதையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். 1964 இல் வீரர்கள் தமது உழைப்பை நிறுத்திவைத்தபோது அதற்கான காரணத்தைப் பகிரங்கமாகக் கூறினர். கோரிக்கை ஒன்றை முன்வைத்தனர். அது ஏற்றுக்கொள்ளப்பட்டதும் ரசிகனுக்குரியதை முழுமையாகக் கொடுத்தனர். இன்றைய அரைமனது ஆட்டத்தில் கோரிக்கை எதுவுமில்லை. அதனால் உரிமையாளர்கள் எவரும் பணிவதில்லை. பணம் கொடுத்து அரங்குக்கு வரும் ரசிகனே ஏமாற்றமடைகின்றான். ஓய்வு தேவையெனில் அதனைத் தொழிற்சங்கத்தினூடாகக் கேட்டுப்பெறும் பலம் இன்றைய வீரர்களிடம் தாராளமாக இருக்கின்றது. அப்பலத்தை அவர்களுக்குப் பெற்றுக்கொடுத்தவர்கள் பொஸ்டனில் மூடிய கதவுக்குப் பின்னால் நின்ற அந்த இருபது பேரே.

ஹைன்சோன், ரஸல், பெய்லர், வெஸ்ட் ஆகியோர் இன்று எம்மிடையே இல்லை. 111 க்கு 107 என்ற புள்ளி விபரத்தை அன்று பார்த்தவர்களும் மறந்திருப்பர். அன்றிரவு ஆட்டம் ஏன் தாமதமாக ஆரம்பித்தது என்பதே நினைவில் வைத்திருக்கப்பட வேண்டியதாகும்.